கேட்டதும் சொன்னதும்: உக்ரைனின் மேற்குக் கிராமங்கள்

போன இதழில் கார்பேத்தியன் மலையடிவாரத்து மரக்கோயில் ஒன்றின் படத்தைப் போட்டு நாலு வரி எழுதியிருந்தோம். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அங்கே மருத்துவம் படித்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் எழுதியவைதான் அதிகம். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். இந்த முறை பகுதி முழுக்க உக்ரைன்தான், சினிமா கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

மதுரை வாசகி: என் மகன் உஸ்ஹோரோத் நகரத்தில் படித்துக்கொண்டிருந்தான். 2022இல் போர் வந்ததும் ஹங்கேரி எல்லை வழியாக வெளியேறி ஊர் திரும்பினான். மருத்துவக் கல்லூரியைப் பற்றிப் பேசுவதைவிட, மலைக்குள் இருந்த மரச் சர்ச்சுகளைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறான். அப்படி என்ன விசேஷம் ஐயா அதில்?

மகன் சரியான ஆள்தான் அம்மா. அந்தக் கோயில்களைப் பார்த்தவர்கள் அப்படித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

போலந்தின் தென்கிழக்கும் உக்ரைனின் மேற்கும் சேருகிற கார்பேத்தியன் மலைப் பகுதியில் இருக்கும் மரக்கோயில்களில் 16ஐ யுனெஸ்கோ 2013இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எட்டு போலந்தில், எட்டு உக்ரைனில். உக்ரைன் பக்கத்து எட்டில் பழையது பொதெலிச் கிராமத்துக் கோயில், 1502இல் கட்டியது. மற்றவை ட்ரோஹோபிச், ரொஹாதின், ஜோவ்க்வா, மத்கிவ், உஜோக், நிஜ்னி வெர்பிஜ், யாஸின்யா ஆகிய ஊர்களில் இருக்கின்றன. உங்கள் மகன் இருந்த மாகாணத்தில் உஜோக்கும் யாஸின்யாவும் வரும். உஜோக் கோயில் 1745இல் எழுந்தது, கணவாய்க்குப் போகும் வழியில் சரிவில் சின்னதாக நிற்கும். அவன் சொல்வது அதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு ஊகம், கேட்டுப் பாருங்கள்.

விசேஷம் என்னவென்றால், இவை ராஜா கட்டியவையும் இல்லை, பெரிய பிஷப் கட்டியவையும் இல்லை. கையில் கோடாரி வைத்திருந்த கிராமத்துத் தச்சர்கள், ஊர்க்காரர்கள் கொடுத்த மரத்தில் கட்டியவை. உள்ளே மூன்று பகுதி. நுழைந்ததும் வருவது அந்தக் காலத்தில் பெண்கள் நின்ற இடம், நடுவில் ஆண்கள், கிழக்கே பீடம். பீடத்துக்கும் மக்களுக்கும் இடையில் புனிதர்களின் படங்களை வரிசை வரிசையாக அடுக்கிய ஒரு மரத்திரை, தரையிலிருந்து கூரை வரை. வெளியே சுவரைச் சுற்றி ஒரு தாழ்ந்த கூரை ஓடும். மழையில் சுவர் நனையாமல் இருக்கத்தான் அது, ஆனால் கூட்டம் நிரம்பிவழிகிற திருவிழா நாளில் பாதிப்பேர் அதன் கீழேதான் நின்று பூசை பார்ப்பார்கள். மணிக்கூண்டு பெரும்பாலும் தனியாக, சற்றுத் தள்ளி இருக்கும்.

மலைக்கு மலை பாணியும் மாறும். போய்கோ மக்களின் கோயில் என்றால் ஒரே வரிசையில் மூன்று அறைகள், ஒவ்வொன்றின் மேலும் படிப்படியாகக் குறுகிக்கொண்டே போகும் கூம்புக் கூரை. ஹுட்சுல் மக்களின் கோயில் சிலுவை வடிவத்தில் பரந்து, நடுவில் ஒற்றைக் குவிமாடத்தோடு இருக்கும். இது பிடிபட்டுவிட்டால் தூரத்திலிருந்தே எந்த மலைக்காரர்கள் கட்டியது என்று சொல்லிவிடலாம்.

நாகர்கோவில் வாசகர்: ஒரு ஆணிகூட அடிக்காமல் கட்டியதாக யூடியூபில் சொல்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. சுவருக்கு ஆணி தேவையில்லை. கிடைமட்டமாகக் கட்டைகளை அடுக்கி, மூலையில் குடைந்து ஒன்றையொன்று கவ்வவிடுவார்கள். மேலே ஏறுகிற பாரமே கட்டைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கூரையில் மீன் செதில்போல அடுக்கும் மரச்சில்லுகளுக்கு ஆணி உண்டு. யூடியூபில் அதைச் சொன்னால் பார்க்க மாட்டார்கள் போல.

ஆணி இல்லாததில் ஒரு வசதி இருக்கிறது. கட்டைகளைக் கழற்றி எண் போட்டு, வேறு ஊருக்கு எடுத்துப்போய் மறுபடி அடுக்கிவிடலாம். ட்ரோஹோபிச்சில் இருக்கும் புனித ஜார்ஜ் கோயில் அந்த ஊருக்கு உரியதே இல்லை. நதியிவ் என்ற கிராமத்தில் இருந்ததை 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பெயர்த்து வந்தார்கள். விலையாக உப்பு கொடுத்தார்கள் என்பது ஊர் வழக்கு. நம்பக்கூடியதுதான், ஏனென்றால் ட்ரோஹோபிச் நூற்றாண்டுக் கணக்கில் உப்பு காய்ச்சிப் பிழைத்த ஊர். அதேபோல கிரிவ்கா கிராமத்தில் 1763இல் கட்டிய போய்கோ கோயிலை 1930இல் கழற்றி லிவிவ் நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள், இன்று அது அங்கே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

மரச்சில்லுதான் பெரிய தலைவலி. சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும், செலவு அதிகம், செய்யத் தெரிந்த ஆட்களும் குறைவு. அதனால் பல கிராமங்களில் தங்க நிறத்தில் பளபளக்கும் தகரத்தை வாங்கிப் போர்த்திவிட்டார்கள். ஜன்னலுக்கு பிளாஸ்டிக் சட்டம். பாரம்பரிய ஆர்வலர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கும் அந்தத் தகரத்தைப் பார்த்தால் கண் கூசுகிறது. ஆனால் மழை ஒழுகி மரம் உளுத்துப்போவதைவிடத் தகரம் மேல் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னால் அவரிடம் என்ன வாதாடுவது?

தூத்துக்குடி வாசகி: ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் எதைச் சொல்வீர்கள்?

உள்ளே பார்ப்பதற்கு ட்ரோஹோபிச். மரச்சுவரின் மேலேயே வரைந்த 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் சுற்றிச் சுற்றி இருக்கின்றன, கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்க்கலாம்.

வெளியே பார்ப்பதற்கு யாஸின்யாவின் ஸ்த்ருக் கோயில். 1824இல் கட்டியது, பக்கத்து மணிக்கூண்டு அதற்கும் முந்தி, 1813. அதற்கு ஒரு கதை சொல்வார்கள்: ஸ்த்ருக் என்ற இடையன் ஒருவன் திடீர்ப் பனியில் சிக்கி, தீவனத்தையும் ஆடுகளையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனானாம். இனி ஒன்றும் மிஞ்சாது என்று நினைத்தவன் வசந்தத்தில் திரும்பி வந்தால், ஆடுகள் உயிரோடு இருந்ததுமில்லாமல் குட்டியும் போட்டிருந்தனவாம். அந்த நன்றிக்குக் கட்டிய கோயிலாம். கதை கிடக்கட்டும், அந்தப் புல்சரிவில் கறுத்துப்போன மரத்தோடு அது நிற்கிற இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் யாராக இருந்தாலும் அவனுக்குக் கண் இருந்திருக்கிறது.

ஒரு குறிப்பு: கிராமத்துக் கோயில்கள் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். அடுத்த வீட்டில் கேட்டால் சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்வார்கள், பெரும்பாலும் ஒரு பாட்டியிடம். அவர் கையில் ஒரு முழ நீளத்துக்கு இரும்புச் சாவியோடு வந்து, இரண்டு தடவை உதைத்துக் கதவைத் திறப்பார். உள்ளே தேன்மெழுகும் பழைய மரமும் கலந்த வாசனை. படங்களின் தோளில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த துண்டுகள் தொங்கும், எல்லாம் ஊர்ப் பெண்கள் தைத்தவை. உண்டியலில் காசு போடுங்கள். பெண்கள் தலையில் ஒரு துணி போட்டுக்கொள்வது நல்லது. பூசை நேரத்தில் போனை எடுக்காதீர்கள்.

கோயம்புத்தூர் வாசகர்: சோவியத் ஆட்சியில் கோயில்களை இடித்தார்கள் என்று படித்திருக்கிறேன். இவை எப்படித் தப்பின?

எல்லாம் தப்பவில்லை. இந்தப் பகுதி மக்களில் பெரும்பாலோர் கிரேக்கக் கத்தோலிக்கர்கள். வழிபாடு கிழக்கு முறை, தலைவர் போப். 1596இல் ப்ரெஸ்ட் ஒன்றியம் என்ற உடன்பாட்டில் பிறந்த திருச்சபை அது. 1946இல் லிவிவில் ஒரு சபையைக் கூட்டவைத்து, இனி நீங்கள் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் என்று ஸ்டாலின் அரசு அறிவித்துவிட்டது. ஒத்துக்கொள்ளாத குருக்கள் சிறைக்கோ சைபீரியாவுக்கோ போனார்கள். சில கோயில்கள் ஆர்த்தடாக்ஸாக மாறித் தொடர்ந்தன. மற்றவை பூட்டப்பட்டன, அல்லது கூட்டுப்பண்ணையின் உர மூட்டைக்கும் தானியத்துக்கும் கிடங்காயின. 1989இல்தான் அந்தத் திருச்சபைக்கு மறுபடி சட்ட அனுமதி கிடைத்தது.

அதற்குப் பிறகு வேறு மாதிரிச் சிக்கல். ஒரே ஊரில் கிரேக்கக் கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் என்று இரு தரப்பும் பழைய கோயில் எங்களுக்குத்தான் என்று மோதிக்கொண்டன. சில இடங்களில் ஒரு தரப்பு பக்கத்திலேயே புதிதாகப் பெரிய சர்ச் கட்டிக்கொண்டது, பழைய மரக்கோயில் வருஷத்துக்குச் சில நாள் மட்டும் திறக்கும் இடமாகிவிட்டது. ஆள் நடமாட்டம் இல்லாத மரக்கட்டடம் சீக்கிரம் வீணாகும்.

இங்கே போரிஸ் வோஸ்னித்ஸ்கி என்பவரைச் சொல்லாமல் போக முடியாது. 1962 முதல் 2012 வரை லிவிவ் ஓவியக் கூடத்தின் இயக்குநர். அரை நூற்றாண்டு ஒரே நாற்காலி, ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தது குறைவு. சோவியத் காலத்திலேயே கிராமம் கிராமமாகச் சுற்றி, பூட்டிக் கிடந்த கோயில்களிலிருந்து சிலைகளையும் படங்களையும் அள்ளி வந்து காப்பாற்றினார். ஹொதோவித்ஸ்யா என்ற கிராமத்துக் கோயிலில் 18ஆம் நூற்றாண்டுச் சிற்பி பின்ஸெல் செதுக்கிய மரச்சிலைகள் அப்படித் தப்பியவை. காற்றில் துணி பறக்கிற மாதிரி, நரம்பு புடைக்கிற மாதிரி மரத்தைச் செதுக்கியவர் அவர், பிறந்த ஊர்கூட உறுதியாகத் தெரியாத ஆள். 2012இல் அந்தச் சிலைகள் பாரிஸின் லூவ்ருக்குக் கண்காட்சிக்குப் போயின. வோஸ்னித்ஸ்கி அதே வருஷம் கார் விபத்தில் காலமானார்.

சேலம் வாசகர்: கோட்டைகளைப் பற்றிச் சொல்லுங்கள் சார். படத்தில் பார்த்தால் பிரமாதமாக இருக்கிறது.

படத்தில் எல்லாக் கோட்டையும் பிரமாதம்தான். நேரில் பல வெறும் சுவர். பேருந்து பேருந்தாகக் கூட்டம் இறங்குகிற இடங்களும் உண்டு. என் கணக்கில் சிலதைச் சொல்கிறேன்.

லிவிவுக்குக் கிழக்கே ஒலெஸ்கோ, பித்ஹிர்த்ஸி, ஸோலோச்சிவ் மூன்றையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டுவார்கள். ஒலெஸ்கோ ஒரு குன்றின் மேல் முட்டை வடிவில் இருக்கும். 1683இல் வியன்னாவை முற்றுகையிட்ட ஒட்டமான் (துருக்கி) படையை விரட்டிய போலந்து ராஜா யான் சோபியெஸ்கி 1629இல் பிறந்த இடம் அது. பாழடைந்து கிடந்ததைச் சீர்செய்து 1975இல் அருங்காட்சியகமாகத் திறந்தவர், மேலே சொன்ன அதே வோஸ்னித்ஸ்கி.

பித்ஹிர்த்ஸி வேறு ரகம். பாதி மாளிகை, பாதி கொத்தளம். தளபதி கொனியெட்ஸ்போல்ஸ்கி 1635க்கும் 1640க்கும் இடையில் கட்டியது. வெளியே இத்தாலியத் தோட்டமும் லிண்டன் மர வரிசையுமாக ஆடம்பரம். உள்ளே போனால் வெறுமை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காசநோய் மருத்துவமனையாக்கினார்கள், 1956இல் தீப்பிடித்து வாரக்கணக்கில் எரிந்தது. வெள்ளைச் சேலை ஆவி ஒன்று உலவுவதாக வழிகாட்டிகள் சொல்வார்கள் (சேலை என்பது என் மொழிபெயர்ப்பு, அங்கே கவுன்). ஸோலோச்சிவில் வட்டமாக ஒரு சீன மாளிகை இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் படமெடுக்கிறார்கள். அதே வளாகம் சோவியத் ரகசியப் போலீஸின் சிறையாகவும் இருந்தது. 1941 ஜூனில் ஜெர்மானியர் நெருங்கி வர, பின்வாங்குவதற்கு முன்னால் அங்கிருந்த கைதிகளை நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பகுதியையும் பாருங்கள்.

டினீஸ்டர் ஆற்றங்கரையில் ஹோதின் கோட்டை. இது மட்டும் படத்தைவிட நேரில் பெரியது, சுவர் 40 மீட்டர் வரை உயரம். 1621இல் சுல்தான் இரண்டாம் உஸ்மானின் படையைப் போலந்து-லித்துவேனியப் படையும் உக்ரைனியப் போர்வீரர்களான கொஸாக்குகளும் சேர்ந்து இங்கே தடுத்து நிறுத்தினார்கள். போர் முடிவதற்குள் தளபதி ஹோத்கியெவிச் கோட்டைக்குள்ளேயே நோயில் இறந்துபோனார். சுவரில் ஒரு பெரிய ஈரக்கறை இருக்கிறது, உயிரோடு சுவரில் வைத்துக் கட்டிய பெண்ணின் கண்ணீர் என்பார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது இல்லாத ஒரு கோட்டை. உரிச் கிராமத்தில் துஸ்தான். காட்டுக்கு நடுவே 50 மீட்டருக்கு மேல் எழும்பும் பாறைகள், அவ்வளவுதான். கிட்டே போனால் பாறை முழுக்கச் சதுரப் பள்ளங்களும் நீள வெட்டுகளும் தெரியும். இடைக்காலத்தில் அந்த வெட்டுகளில் மரத்தை இறுக்கி, பாறைக்கும் பாறைக்கும் நடுவே பல அடுக்கில் மரக்கோட்டை கட்டியிருந்தார்கள், உப்பு வண்டிகளிடம் சுங்கம் வாங்குவதற்கு. மரம் போய்விட்டது, வெட்டு மட்டும் மிச்சம். மிஹைலோ ரோஷ்கோ என்ற ஆய்வாளர் 1971 முதல் கயிற்றில் தொங்கிக்கொண்டு அவற்றை அளந்தார், 4,000க்கும் மேல். எந்தப் பள்ளத்தில் எந்த உத்தரம் உட்கார்ந்தது என்று கணக்குப் போட்டு முழுக் கோட்டையையும் வரைந்துவிட்டார்கள்.

மேலப்பாளையம் வாசகர்: அங்கே ஒரு சர்ச்சோடு மசூதி மினார் ஒட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நிஜமா?

நிஜம். கமியானெட்ஸ்-பொதில்ஸ்கி என்ற ஊரின் பேதுரு-பவுல் பேராலயம். 1672இல் ஒட்டமான்கள் ஊரைப் பிடித்துப் பேராலயத்தை மசூதியாக்கி மினார் எழுப்பினார்கள். 1699இல் ஊர் மறுபடி போலந்து கைக்கு வந்தது. மினாரை இடிக்காமல், 1756இல் அதன் உச்சியில் மாதா சிலையை ஏற்றிவிட்டார்கள். பிறை மேல் மாதா நிற்கிறாள். நீங்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வீர்களோ, எனக்கு இரண்டு தரப்பும் ஒரே கட்டடத்தில் கையெழுத்துப் போட்டதாகத்தான் தோன்றுகிறது.

திருவாரூர் வாசகி: கோயில், கோட்டை போதும். ஆறு, மலை, காடு என்று ஏதாவது?

நிறைய. சுருக்கமாகச் சொல்கிறேன். சினெவிர் ஏரி 989 மீட்டர் உயரத்தில், நிலச்சரிவு ஓடையை மறித்ததால் உண்டானது. பக்கத்தில் கரடிக் காப்பகம் இருக்கிறது, கூண்டிலும் வேட்டைநாய்ப் பயிற்சியிலும் வதைபட்ட பழுப்புக் கரடிகளை மீட்டு வைத்திருக்கிறார்கள். ஹுஸ்ட் ஊருக்குப் பக்கத்தில் மே மாதம் வெள்ளை நார்சிசஸ் பூக்கும் ஒரு சமவெளி. உயர்ந்த மலையில் மட்டும் வளர வேண்டிய பூ, அங்கே 200 மீட்டர் உயரத்திலேயே பரந்து கிடக்கிறது. உஹோல்கா பக்கத்தில் கோடாரி படாத பீச் மரக்காடு, அதையும் 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். நிர்கிவ் கிராமத்துக்குக் கீழே ஜுரின் அருவி, 16 மீட்டர்தான், ஆனால் பக்கத்திலேயே இடிந்த கோட்டையின் இரண்டு கோபுரங்களும் இருப்பதால் ஒரே நடையில் இரண்டும் ஆகிவிடும்.

கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியது தெர்னோபில் மாகாணத்துக் குகைகள். அங்கே நிலத்தடியில் ஜிப்சம் படுகை. தண்ணீர் அரித்து அரித்து உள்ளே தெருக்கள் போலச் சந்துகள். 1966இல் கண்டுபிடித்த ஒப்திமிஸ்திச்னா குகையில் இதுவரை அளந்த நீளம் 230 கிலோமீட்டருக்கு மேல், ஜிப்சம் குகைகளில் உலகிலேயே நீளமானது.

அதே வட்டாரத்தில் பாதிரியார் குகை என்று ஒன்று. நாஜிகள் யூதர்களைக் கொன்றுகொண்டிருந்தபோது, சில குடும்பங்கள் முதலில் வெர்தெபா குகையிலும், அங்கே பிடிபட்டதும் இதிலும் ஒளிந்தன. 38 பேர், இந்தக் குகையில் மட்டும் 344 நாள். உள்ளே தண்ணீர் இருந்தது, ஆண்கள் இரவில் மேலே ஏறி மாவும் விறகும் கொண்டுவந்தார்கள், பெரும்பாலான நேரம் இருட்டில் தூங்கியே கழித்தார்கள். 1944 ஏப்ரலில், ஜெர்மானியர் போய்விட்டார்கள் என்று எழுதிய சீட்டை ஒரு புட்டியில் போட்டு நண்பர் ஒருவர் உள்ளே தள்ளினார். வெளியே வந்ததும், சூரியனையே மறந்துபோயிருந்த ஒரு சின்னப் பெண், அந்தப் பெரிய மெழுகுவர்த்தியை அணைக்கச் சொல்லி அம்மாவிடம் கேட்டாளாம். 1993இல் அமெரிக்கக் குகை ஆர்வலர் ஒருவர் உள்ளே போய், பழைய செருப்பு, பொத்தான், திரிகைக் கல்லையெல்லாம் பார்த்துவிட்டு யாருடையது என்று தேடத் தொடங்கிய பிறகுதான் வெளியுலகுக்குக் கதை தெரிந்தது.

சென்னை வாசகர்: இதையெல்லாம் படித்தபிறகு போக வேண்டும் போலிருக்கிறது. இப்போது போகலாமா?

வேண்டாம். 2022 பிப்ரவரி 24இலிருந்து உக்ரைனின் வான்வெளி பயணிகள் விமானத்துக்கு மூடிக் கிடக்கிறது. ரயிலிலோ பேருந்திலோதான் எல்லை தாண்ட முடியும், ராணுவச் சட்டம், இரவு ஊரடங்கு எல்லாம் உண்டு. மேற்கு அமைதியாக இருக்கிறது என்று சொல்வார்கள், ஏவுகணை அங்கேயும் விழுந்திருக்கிறது. சுற்றுலாவுக்குத் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆசை அடங்காது என்றால் போலந்துப் பக்கத்து எட்டுக் கோயில்களைப் பாருங்கள். அதே மலை, அதே தச்சு முறை, ஒரே யுனெஸ்கோ பட்டியல். ஷெங்கன் விசா போதும். க்ராகோவில் இறங்கி, கார் வாடகைக்கு எடுத்துத் தென்கிழக்கே போனால் க்வியாத்தோன், ஒவ்சாரி, பொவ்ரோஸ்னிக் எல்லாம் அடுத்தடுத்து வரும். நேரமிருந்தால் கிழக்கே ராட்ருஷ் வரை போய்விடுங்கள், எட்டில் மிகப் பழையவற்றில் ஒன்று அது, கல்மதிலுக்குள் உயர்ந்த கூரையோடு இருக்கும். அங்கிருந்து உக்ரைன் எல்லை கூப்பிடு தூரம்தான். குளிர்காலத்தில் திறந்திருக்கும் நேரம் குறைவு, மே முதல் செப்டம்பருக்குள் போவது நல்லது.